இதற்கு மேல் தேறாது

நவம்பரில் மாலை ஐந்து நாற்பதுக்கெல்லாம்
டோலிடோ இருட்டிவிடும்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஷிப்ட் முடித்து
வெளுப்பு மருந்து நாறும் கைகளோடு
நடைபாதையிலிருந்து இறங்கினேன்.
கம்பத்தில் எண்கள் எரிந்தன.
பதினெட்டு, பதினேழு.
பதினொன்றில் ஒரு பிக்கப் வண்டி
இடப்பக்கம் திரும்பியது.
பத்தை நான் பார்க்கவில்லை.

வக்கீல் கிரென்கோவின் அலுவலகம்
டயர்க் கடைக்கு மேல்மாடியில்.
படிக்கட்டில் ஏற முடியாததால்
அவரே இறங்கி வந்து
டயர் அடுக்குகளுக்கு நடுவே கையெழுத்து வாங்கினார்.
எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன்.
"உங்கள் முழங்காலைத்தான் கேட்க வேண்டும், மிஸஸ் கோவாலெக்.
இதற்கு மேல் தேறாது என்று
டாக்டர் எழுதித் தர வேண்டும்.
அதற்குப் பிறகுதான் கணக்கே தொடங்கும்."

தினமும் காலையில்
கதவுப்பிடியில் ரப்பர் பட்டையை மாட்டிக் காலை மடக்கினேன்.
எண்பது பாகை. எண்பத்தைந்து.
தேறத் தேறத் தேதி தள்ளிப்போனது.
வாடகை மட்டும் ஒன்றாம் தேதியை விட்டு நகரவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியில் முதலில் பிரென்ட் என்றொருவன்,
வேலையை விட்டுப் போனான்.
அடுத்தவள் மார்லா. மூச்சு வாங்கப் பேசுவாள்.
எட்டாம் மாதத்தில் விடுப்பில் போனாள்.
அவள் திரும்பி வரும்வரை
என் கோப்பு யாருடைய மேசையிலோ படுத்துக் கிடந்தது,
நானும் படுத்துக் கிடந்தேன்.
திரும்பி வந்து வீட்டிலிருந்தே பேசினாள்.
பின்னால் ஒரு குழந்தை அழும்.
"மன்னிக்கணும், நடக்கத் தொடங்கியிருக்கிறாள், விழுந்துவிட்டாள்."
நான் அப்போது கைத்தடி மாற்றிக்கொண்டிருந்தேன்,
நாலு காலிலிருந்து ஒரு காலுக்கு.

ஓட்டிய பையனை ஒரே முறை பார்த்தேன்,
வாக்குமூல அறையில்.
பத்தொன்பது வயது. அப்பாவின் டையைக் கட்டியிருந்தான்,
அது இடுப்புக்குக் கீழே தொங்கியது.
வெளிச்சம் கண்ணில் பட்டதென்றான்.
எந்த வெளிச்சம் என்று யாரும் கேட்கவில்லை.
எனக்குக் கேட்கத் தோன்றியது,
என் முறை வரவில்லை.

ஒரு புகைப்படம் காட்டினார்கள்.
போன ஜூன், வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை.
நான் தர்பூசணி தூக்கிக்கொண்டு போகிறேன்.
சிரிக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.
முப்பத்தொரு மாதத்தில் வலிக்காத ஒரு பகல்,
அது அவர்கள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

கடைசியில் டாக்டர் எழுதினார்.
அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு
கார் நிறுத்துமிடத்தில் அழுதேன்.
பக்கத்தில் நின்ற பெண்
நல்ல செய்தியா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

பிறகு எல்லாம் வேகம்.
வக்கீலுக்கு மூன்றில் ஒன்று,
ஆஸ்பத்திரி தன் பங்கை முன்பே முடிந்து வைத்திருந்தது.
நான் பன்னிரண்டு வருடம் விரிப்பு துவைத்த அதே ஆஸ்பத்திரி.
மிச்சம் பதினோராயிரத்து நானூறு டாலர்.
அதில் பாதி, என் தங்கைக்கு நான் பட்ட கடன்.

விடுதலைப் பத்திரம் ஆறு பக்கம்.
தெரிந்த காயங்களுக்கும், தெரியாத காயங்களுக்கும்,
இனித் தெரியவரும் காயங்களுக்கும்
இத்துடன் தீர்ந்தது என்று எழுதியிருந்தது.
கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன்.

மார்லா கூப்பிட்டாள்.
"வேறு ஏதாவது வேண்டுமா?"
குழந்தை பெயர் என்ன என்றேன்.
சொல்லக் கூடாது போலிருக்கிறது,
சற்று நேரம் வரி வெறுமையாக இரைந்தது.
"ஆட்ரா" என்றாள்.

இப்போதும் அதே கம்பம், அதே பதினெட்டு.
எனக்கு இருபத்தாறு வேண்டும்.
நகராட்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.
ஆய்வு செய்ய வேண்டுமாம்,
எவ்வளவு நாளாகுமென்று
சொல்லவில்லை.